கூகுளில் முதலிடத்தை யாராலும் விற்க முடியாது

குமாரபாளையத்தில் ஜவுளிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். மாதம் பிறந்தால் பில் கட்டுகள் வந்துவிடும். நூல் மில் பில், சைசிங் பில், சாயப்பட்டறைக் கூலி, லாரி வாடகை, கரண்ட் பில் என்று எல்லாம் பழகிய பில்கள். சில வருடங்களாக இந்தக் கட்டுக்குள் புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. ‘எஸ்.இ.ஓ. சர்வீஸ், ஒரு மாதம்’ என்று ஒற்றை வரி. அதற்குக் கீழே 15,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,700 ரூபாய். வேறு விவரம் எதுவும் அந்தத் தாளில் இருக்காது.

எங்கள் ஊர்க்காரர்கள் நூல் பில்லைப் படிக்கும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். 40ஆம் நம்பர் என்று சொல்லி வந்த நூல் 40ஆம் நம்பர்தானா, கோன் எடை சரியா, போன லாட்டும் இந்த லாட்டும் ஒரே மாதிரி சாயம் ஏறுமா என்று பார்க்காமல் பணம் போகாது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் வித்தியாசம் என்றால் மில்லுக்கு நாலு தடவை போன் போடுவார்கள். அதே மனிதர்தான் வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் போகும் எஸ்.இ.ஓ. பில்லை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டுகிறார். புரியாத சரக்கு, கேட்டால் விவரமில்லாத ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தில்தான் பலர் காசு பார்க்கிறார்கள் என்பது இத்தனை பில்களைப் பார்த்த பிறகு எனக்கு வந்திருக்கும் முடிவு. நூலைச் சோதித்து வாங்கத் தெரிந்த ஊருக்கு இதையும் சோதித்து வாங்கத் தெரியும். கேட்க வேண்டியதைக் கேட்டால் போதும்.

எஸ்.இ.ஓ. தொழிலே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். கூகுளில் ஒருவர் ‘லுங்கி ஹோல்சேல்’ என்று தேடும்போது நம் இணையதளமும் கண்ணில் படும்படி அதை ஒழுங்கு செய்வது நல்ல வேலை, உழைப்பு கேட்கும் வேலை. விளம்பரத்துக்குக் கட்டும் பணம் வேறு, இது வேறு. தேடல் பக்கத்தின் மேலே ‘ஸ்பான்சர்ட்’ என்ற குறிப்போடு வருபவை காசு கொடுத்து வரும் விளம்பரங்கள். காசு நின்றால் அவையும் நின்றுவிடும். அதற்குக் கீழே தானாக வரும் வரிசையில் நம்மை முன்னே கொண்டுவருவதுதான் எஸ்.இ.ஓ. சில கம்பெனிகள் நம்மிடம் எஸ்.இ.ஓ.வுக்கென்று வாங்கிய பணத்தில் கொஞ்சத்தை விளம்பரத்தில் போட்டு, ‘பாருங்க சார், மேலே வந்துட்டீங்க’ என்று காட்டுகின்றன. இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

தேடல் பக்கத்தில் யார் எங்கே தெரிகிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. பாரத் மேட்ரிமோனி நடத்தும் சென்னை நிறுவனம், தன் பெயரைத் தேடுபவர்களுக்குப் போட்டியாளர்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் சென்னை உயர்நீதிமன்றம் போனது. 2010இல் அந்த வழக்கில் உத்தரவு வந்தது. பிறகு அதே நிறுவனமும் நுகர்வோர் அமைப்பான ‘கட்ஸ்’ஸும் கொடுத்த புகார்களின் பேரில், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வளவு பெரிய மேட்ரிமோனி நிறுவனமே வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்த பக்கம் அது. அதில் முதல் இடத்தை மூன்று மாதத்தில் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் போனில் சொன்னால் எப்படி நம்புவது?

லுங்கி உற்பத்தி செய்யும் ஒருவர் ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார். “அம்மிணி, மாசாமாசம் ரிப்போர்ட் அனுப்பறாங்க. எல்லாத்துலயும் நாமதான் ஒண்ணாம் நம்பர்ங்கறாங்க. ஆனா ஒரு போன்கூட வரலீங்க. என்னன்னு பாருங்க” என்று போனை நீட்டினார்.

ரிப்போர்ட் பார்க்க அழகாக இருந்தது. 12 தேடல் சொற்கள், பச்சை அம்புக்குறிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 என்ற எண். சொற்களைப் படித்துப் பார்த்தேன். முதல் ஐந்தும் அவருடைய கம்பெனியின் பெயரேதான். பெயரோடு ‘டெக்ஸ்’, பெயரோடு ‘குமாரபாளையம்’, பெயரோடு ‘காண்டாக்ட் நம்பர்’. கம்பெனிப் பெயரையே தேடுகிறவர் ஏற்கெனவே நம் வாடிக்கையாளர். அவருக்கு நம் பக்கம் முதலில் வருவதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மீதி ஏழும் ஊர், மாவட்டம், சரக்கு, நிறம், ‘பெஸ்ட்’, ‘சப்ளையர்’ எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிய நீளச் சொற்றொடர்கள். கொல்கத்தா வியாபாரி யாரும் அப்படித் தேட மாட்டார். யாரும் தேடாத சொல்லில் முதலிடம் பிடிப்பது சுலபம். ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. பயனுள்ள எண்ணும் ஒன்றுகூட இல்லை.

உண்மையான கணக்கைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. கூகுள் இலவசமாகத் தரும் ‘சர்ச் கன்சோல்’. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் தொட்டு உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் இருந்தோம் என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். கம்பெனி தயாரித்துத் தரும் ரிப்போர்ட் வேண்டாம், கன்சோலில் எங்களுக்கு அனுமதி கொடுங்கள் என்று அவரைக் கேட்கச் சொன்னேன். நாளைக்கு, அடுத்த வாரம், டெக்னிக்கல் டீம் லீவில் இருக்கிறார்கள் என்று இழுத்தார்கள். கடைசியில் தெரிந்தது, அந்த இணையதளத்தைக் கன்சோலில் இணைக்கவே இல்லை. மாதக்கணக்கில் பணம் வாங்கியவர்கள் முதல் நாள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை.

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இதைக் கூகுள் நிறுவனமே எஸ்.இ.ஓ. கம்பெனி தேடுபவர்களுக்கான தன் அறிவுரையில் எழுதி வைத்திருக்கிறது. எங்களுக்குக் கூகுளோடு தனி உறவு இருக்கிறது என்று சொல்பவரிடமும், கேட்காமலே மெயில் அனுப்பி உங்கள் இணையதளம் தேடலில் வரவில்லை என்று பயமுறுத்துபவரிடமும் ஜாக்கிரதை என்கிறது அதே அறிவுரை. அந்த மாதிரி மெயில்கள் கூகுளுக்கே வருகின்றனவாம், கூகுள் தளம் தேடலில் தெரியவில்லை என்று சொல்லி. போனும் அப்படித்தான். ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று காட்டிவிடுவோம்’ என்று அமெரிக்காவில் சிறுகடைக்காரர்களை மிரட்டிப் பணம் பறித்த கும்பல் மீது, அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2018இல் வழக்குப் போட்டது. அதே வசனத்தைத் தமிழிலும் இந்தியிலும் எங்கள் ஊர் கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கூகுள் மேப்பில் கடை விவரத்தைப் பதிவு செய்யும் ‘பிசினஸ் புரொஃபைல்’ முழுக்க இலவசம். அதற்குக் கட்டணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கூகுள் ஆள் கிடையாது.

குறுக்கு வழியில் மேலே ஏற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது முடியும், கொஞ்ச நாளைக்கு. படுக்கை விரிப்பு, துண்டு ஏற்றுமதி செய்யும் நம் பக்கத்து ஆட்கள் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2010 கிறிஸ்துமஸ் வியாபார மாதங்களில் உடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் முதலில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்து பார்த்தது. சம்பந்தமே இல்லாத 2,000க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களில் அந்தக் கடைக்கு இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. 2011 பிப்ரவரியில் செய்தி வெளியானது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், ஒரு வகைப் பயணப் பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தக் கடை சில மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி, தன் எஸ்.இ.ஓ. கம்பெனியை அது நீக்கியது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2006இல், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளத்தையே இது போன்ற தில்லுமுல்லுக்காகக் கூகுள் தேடலிலிருந்து தூக்கியிருக்கிறது. அவர்களால் அந்த அடியைத் தாங்கிக்கொண்டு திரும்பி வர முடிந்தது. 24 தறி வைத்திருப்பவரால் முடியுமா?

இங்கேயும் சின்ன அளவில் நடக்கிறது. துணி வியாபாரி ஒருவரின் பிசினஸ் புரொஃபைல் திடீரென்று முடங்கியது. மேப்பில் கடையே காணோம். மீட்க வேண்டுமென்றால் தொழில் உண்மையில் இருக்கிறது என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும் என்பதால் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ் கேட்டு என்னிடம் வந்தார். பார்த்தால், கடைப் பெயருக்கான இடத்தில் போர்டில் இருக்கும் பெயரோடு ‘பெஸ்ட் லுங்கி மேனுஃபேக்சரர் இன் குமாரபாளையம், ஈரோடு, சேலம்’ என்று எஸ்.இ.ஓ. கம்பெனி ஒரு வால் சேர்த்திருந்தது. பெயர்ப் பலகையில் உள்ள பெயரைத் தவிர வேறு சேர்க்கக் கூடாது என்பது கூகுளின் விதி. கடை திரும்ப மேப்பில் தெரியும்வரை அவருக்கு வந்த நஷ்டத்தை அந்தக் கம்பெனி ஏற்கவில்லை. காசுக்கு நட்சத்திர மதிப்புரை எழுதித் தருகிறோம் என்பவர்களும் இதே ரகம்தான். அவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வரவைப்பது இன்னொன்று. துண்டு உற்பத்தியாளர் ஒருவர், வேலை திருப்தியில்லை, நிறுத்திக்கொள்கிறேன் என்றார். ‘நிறுத்திக்குங்க, ஆனா டொமைன் எங்க பேர்ல இருக்கு, வேணும்னா 40,000 கட்டுங்க’ என்று பதில் வந்தது. டொமைன் என்பது இணையதளத்தின் முகவரிப் பெயர். வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் சரக்கு. ஆனால் அந்த முகவரியை அவர் விசிட்டிங் கார்டில், பில் புத்தகத்தில், துண்டு பேக்கிங்கில் எல்லாம் அச்சடித்திருந்தார். கம்பெனியின் மெயில் ஐ.டி.யில் பதிவானதால் சட்டப்படி தன்னுடையது என்று நிரூபிக்க அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. வேறு பெயரில் புதுத் தளம் தொடங்கி, பழைய பேக்கிங் அட்டைகளைப் பழைய பேப்பருக்குப் போட்டார்.

ஆகவே எந்த எஸ்.இ.ஓ. கம்பெனியோடும் பேசத் தொடங்கும் முன், டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை ஏற்றி வைக்கும் இடம்), சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் நான்கும் நம் மெயில் ஐ.டி.யில், நம் போன் நம்பரில் இருக்க வேண்டும். கம்பெனிக்கு வேலை செய்ய அனுமதி கொடுக்கலாம். புரொஃபைலில் உரிமையாளர் என்றும் மேலாளர் என்றும் தனித்தனி அனுமதி உண்டு. அவர்களுக்கு மேலாளர் போதும். கன்சோலிலும் உரிமையாளர் நாம்தான். இதற்குச் சம்மதிக்காத கம்பெனியிடம் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

என் தொழில் சார்ந்த ஒன்றும் சொல்கிறேன். கொட்டேஷன் வந்ததும் ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எந்தப் பெயரில், எந்த ஊரில், எப்போது பதிவானது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்து வருட அனுபவம் என்று சொன்ன கம்பெனியின் பதிவு போன வருடத்தது என்றால் காரணம் கேளுங்கள். 20 லட்சத்துக்குக் கீழ் வரவு உள்ள தனியாள் பதிவு செய்யாமல் இருப்பதில் தவறில்லை; அப்படிப்பட்டவர்களில் நல்ல வேலைக்காரர்கள் உண்டு. ஆனால் பதிவு இல்லாதவர் 18 சதவீதம் வசூலிக்கவே கூடாது. பதிவு உள்ளவர் ரிட்டர்ன் போடாவிட்டால் அந்த 2,700 ரூபாய், நமக்குரிய வரி வரவைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பியில் வராது, உள்ளீட்டு வரி வரவும் கிடைக்காது. சொந்த வரியையே ஒழுங்காகக் கட்டாத கம்பெனி நம் இணையதளத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் என்று நான் நம்ப மாட்டேன்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதே லுங்கிக்காரர் பிறகு ஒரு சின்னப் பையனிடம் வேலையைக் கொடுத்தார். உள்ளூர்ப் பொறியியல் கல்லூரியில் படித்தவன். முதல் நாள் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை. தறிக்கூடத்தில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டான். யாருங்க வாங்கறாங்க? கேரளாவுக்கு எது போகுது, ஆந்திராவுக்கு எது போகுது? குறைஞ்சது எத்தனை பீஸ் கொடுப்பீங்க? போன்ல முதல்ல என்ன கேப்பாங்க? அதற்குப் பிறகு ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் பக்கம் எழுதினான். நீளம் 2 மீட்டரா 2.25 மீட்டரா, மூட்டியதா மூட்டாததா, எந்த நம்பர் நூல், சாயம் நிற்குமா, எந்த லாரி சர்வீசில் அனுப்புவார்கள் என்பது வரை. கரையும் கட்டமும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தான். நாம் லுங்கி என்பதைக் கைலி என்று தேடுபவர்களும் இலங்கையில் சாரம் என்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அந்தப் பெயர்களும் பக்கத்தில் வந்தன. எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், கொங்கு நாட்டில் இதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு. பவானிக்கு எதிர்க்கரை, நாமக்கல் மாவட்டம் என்று முகவரியைத் தெளிவாகப் போட்டான். போனில் சீக்கிரம் திறக்கும்படி தளத்தை இலேசாக்கினான்.

முதலிடம் வரும் என்று அவன் சொல்லவே இல்லை. “நாலு மாசம் பொறுங்க, அதுக்கப்புறம் கன்சோல்ல பாக்கலாம்” என்று மட்டும் சொன்னான். கூகுளின் அறிவுரையும் அதுதான். எஸ்.இ.ஓ. வேலை பலன் காட்ட நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகலாம். ஆறேழு மாதத்தில் பாலக்காட்டிலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் விசாரணைகள் வந்தன. சில ஆர்டராகவும் ஆயின. பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. கொடுத்த காசுக்கு வேலை நடந்தது. இந்த இடத்தில் தறிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டே மாதத்தில் ‘என்னப்பா ஒண்ணும் காணோம்’ என்று நல்ல ஆளை நிறுத்திவிட்டு, முப்பது நாளில் முதலிடம் என்பவரிடம் ஓடுவது நம் தவறு.

அந்தப் பையன் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பிடித்தது. சேலம் மெயின் ரோட்டில் பலகாரக் கடை வைத்திருப்பவர் எஸ்.இ.ஓ. வேண்டும் என்று கேட்டபோது, “உங்களுக்கு வேண்டாம்ணா. மேப்புல நேரம், படம், போன் நம்பர் சரியா வெச்சா போதும், நானே செஞ்சு கொடுக்கறேன்” என்று சொல்லி, காசு வாங்காமல் செய்து கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரை நம்பலாம். ஒரு கம்பெனியிடம் எங்கள் தொழிலுக்கு இது தேவையா என்று முதலில் கேளுங்கள். எல்லாத் தொழிலுக்கும் தேவை என்று உடனே பதில் வந்தால் அவர்கள் உங்கள் தொழிலைப் பற்றி யோசிக்கவே இல்லை. பழைய வாடிக்கையாளர் இரண்டு பேரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள், அதில் ஒருவர் விலகிப் போனவராக இருக்கட்டும். இப்போது ஏ.ஐ. பதிலில் உங்கள் பெயரை வரவைக்கிறோம் என்றும் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கும் இதே கேள்விகள்தான்.

ஏமாந்தவர்கள் பலரும் வெளியே சொல்வதில்லை. பெற்ற சேவையில் குறை இருந்தால், நுகர்வோர் என்ற முறையில் புகார் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மிரட்டிப் பணம் பறித்தால் அது சைபர் குற்றம். 1930க்குச் சொல்ல வேண்டும். ஆனால் புகாருக்குத் தாள் வேண்டும். எந்த மாதம் என்ன வேலை செய்வோம், விலகினால் எதையெல்லாம் திருப்பிக் கொடுப்போம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பில்லில் ஒற்றை வரி போதாது. ஒரு வருடப் பணத்தை மொத்தமாக முன்னாலேயே கட்டவும் கூடாது.

எங்கள் ஊர் ஜவுளி உற்பத்தியாளர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நூல் விலைக்கும் மின் கட்டணத்துக்கும் கூட்டம் போடுகிறீர்கள். இதற்கும் ஒரு கூட்டம் போடுங்கள். ஊரைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் துறை மாணவர்களையும் ஆசிரியர்களையும் மாதத்தில் ஒரு நாள் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, உறுப்பினர்கள் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. ரிப்போர்ட்டுகளை அவர்களோடு உட்கார்ந்து படிக்கச் செய்யுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பவர்கள் இன்றைக்கே உங்கள் எஸ்.இ.ஓ. கம்பெனிக்குப் போன் செய்து, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பெயரில் இல்லை என்றால், மாற்றிக் கொடுக்கும்வரை அடுத்த மாத பில்லைக் கட்டாதீர்கள்.